தொடர்பு இல்லை என்பதற்கு நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்

இடது கையால் தாளைத் தட்டிச் சமமாக்கி, வலது கையால் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிக்கொண்டே சொல்கிறேன்: நகல் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஊர் வழக்கெல்லாம் பாதி தெரியும், ஒரு வழக்கும் முழுசாகத் தெரியாது. நாற்பது பக்கத்தை மெஷின் விழுங்கித் துப்புவதற்குள் நாலு வரி எழுதிவிடலாம். அச்சு கெட்ட தாளில் எழுத முடியாது. அது வக்கீல் ஆபீஸ் தாள், கிழிக்கிற மெஷினுக்குப் போயாக வேண்டும். அதனால் கட்டுகளுக்கு நடுவே செருகுகிற வண்ண அட்டையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளில் எழுதுகிறேன். மஞ்சள், பச்சை, ரோஜா. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லாவுக்குப் பின்னால், மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம்கூடப் பேசாமல் வீடு திரும்புகிற சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது. மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமாகவே தெரியாது.

என் தகுதி

சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துச் சந்தில் எங்கள் கடை. முதலாளி ஹமீது பாய். கோர்ட் வேலையெல்லாம் கம்ப்யூட்டரில் போய்விட்டது என்கிறார்கள். ஆனாலும் வக்கீல்களுக்குக் கையில் பிடித்துப் புரட்ட ஒரு கட்டு வேண்டியிருக்கிறது. பக்க எண் குத்தி, ஓட்டை போட்டு, அட்டை செருகி, முதுகில் கம்பி ஏற்றுவது என் வேலை.

வேலை கேட்டுப் போன அன்று என்ன படித்திருக்கிறாய் என்று பாய் கேட்டார். ஏழாவது என்றேன். சொல்வதற்குள் காது சூடாகிவிட்டது. அதற்கு முன் நாலு இடத்தில் அந்தப் பதிலோடு திரும்பி வந்தவள் நான். பாய் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சிரித்தார். "படிச்ச பிள்ளைங்கள வெச்சா தாளைப் படிச்சுக்கிட்டு நிக்குதுங்கம்மா. உனக்கு இங்கிலீஷ் ஓடாதுல்ல? அப்ப நாளைக்கே வந்துரு."

காற்றுக்கு ஏலம்

வக்கீல் ஆபீஸிலிருந்து எப்போதும் வருகிறவள் பவித்ரா. சின்னப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், நடக்கும்போதே போனில் தட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள் தள்ளுவண்டியில் மூன்று பெட்டி கொண்டுவந்து இறக்கினாள். மெஷின் சூடாகிறவரைக்கும் அவளே சொன்னாள். போனில் நாம் பேசுகிற பேச்சு காற்றில்தான் போகிறதாம். அந்தக் காற்றை அரசாங்கம் மனை மாதிரித் துண்டு போட்டு ஏலம் விடுகிறதாம். அதற்குப் பேர் அலைக்கற்றை. மோகன் என்று ஒருவர் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறார். கப்பல் பட்டறை, கட்டடம் கட்டுகிற இடம், அங்கெல்லாம் உள்ளே வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்ளக் கம்பியில்லாத இணைப்பு போட்டுக் கொடுக்கிறார். அவர் ஒரு சின்னத் துண்டு கேட்டு விண்ணப்பம் போட்டார். உனக்கு ஏலத்தில் கலந்துகொள்கிற தகுதியே இல்லை என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காரணம், அதே ஏலத்துக்கு வருகிற ஒரு பெரிய கம்பெனியில் அவருடைய கூடப் பிறந்த தம்பி ரவி பங்குதாரர். ஒரே வீட்டிலிருந்து இரண்டு கை உயரக் கூடாது என்பது விதி. மோகன் வழக்குப் போட்டார். அந்தத் துண்டு கிடைக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான், கூட இருக்கிற பதினோரு பேரும் வேலை தேட வேண்டியதுதான்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்பது கடைச் சட்டம். நானே கேள்வி கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. தம்பி தம்பிதானே, அதை எப்படி இல்லை என்பது என்றேன். பவித்ரா பெட்டியைத் தட்டிக் காட்டினாள். "தம்பி இல்லன்னு சொல்லல அக்கா. ஆறு வருஷமா பேச்சு இல்ல, தொடர்பு இல்லன்னு ப்ரூவ் பண்ணணும்லா. அதுக்குத்தான் இந்த மூணு பாக்ஸ்."

காலித் தாள்

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் அச்சடித்த தாளை ஒற்றைப் பக்கமாக நகல் எடுக்கும்போது இடையிடையே காலித் தாள் விழும். அதை உருவிப் போட்டுவிட்டுத்தான் எண் குத்த வேண்டும். இல்லாவிட்டால் காலித் தாளுக்கும் எண் விழுந்து, வக்கீல் சொல்கிற பக்கம் ஒன்று, நீதிபதி புரட்டுகிற பக்கம் ஒன்று என்று ஆகிவிடும். அதனால் காலித் தாளைக் கண்டாலே என் கை தானாக உருவிவிடும்.

மோகன் கட்டில் அப்படித்தான் ஆறு தாளை உருவினேன். தலைப்பில் ஒரு போன் நம்பர், அதன் கீழே ஓரிரு வரி, ஒரு தேதி, அவ்வளவுதான். மீதி வெள்ளை. அச்சு மை தீர்ந்துபோய் நின்றுவிட்டது என்று நினைத்துக் கிழிக்கிற கூடையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் பவித்ரா எண்ணிப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நானூற்று ஆறு. நல்லவேளை, கூடையை மெஷினில் கொட்டவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து தேடி எடுத்தோம். அவள் ஆறு தாளையும் மடியில் வைத்து நீவி விட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "அக்கா, இது காலித் தாள் இல்ல. இதுதான் கேஸே."

வாழைப்பூ வடை

மறுநாள் கட்டைச் சரிபார்க்க மோகன் அண்ணனே வந்தார். ஐம்பது வயதிருக்கும். எனக்கும் பாய்க்கும் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஆறு தாளில் இருந்ததெல்லாம் அவர் தம்பிக்கு அனுப்பிய மெசேஜ். தமிழில் இருந்தது. பவித்ராவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அவள் தன்னிடமிருந்த பட்டியலை வைத்துக்கொண்டு, அக்கா நீங்க வாசிங்க, நான் டிக் பண்ணிக்கிறேன் என்றாள்.

நான் வாய்விட்டு வாசித்துப் பல வருஷம் ஆகிறது. முதல் வருஷம்: ரவி, அம்மா திதி வெள்ளிக்கிழமை வருது. அண்ணி வாழைப்பூ வடை போடுறா. நீ இல்லாம எனக்கு இலை போட மனசு வரல. வா. இரண்டாம் வருஷம்: ரவி, வியாழன் திதி. அண்ணி கேட்டா. வா. மூன்றாம் வருஷம்: ரவி, திதி. வா. நாலாவதில் பேர் இல்லை. ஐந்தாவதில் 'வா' இல்லை. ஆறாவது தாளில் ஒரே சொல்தான், திதி.

ஒவ்வொரு மெசேஜுக்குப் பக்கத்திலும் போனே போட்ட ஒரு டிக் மட்டும் இருந்தது, அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் துவாஸில் ஆலை வேலை, போனை அணைத்துப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாப்பிட்டீங்களா என்று நான் அனுப்புவது ஒரு டிக்கோடு பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். இரண்டாவது டிக் விழும்போது நான் தூங்கியிருப்பேன். மோகன் அண்ணன் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டார். "ஒரு டிக்தான் பாத்தியாம்மா. பிளாக் பண்ணிட்டான். பரவால்ல, இப்ப அதுதான் என்னைக் காப்பாத்தப் போவுது."

அப்பா படம்

செம்பவாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேதான் மகளை விடுகிற பாலர் பள்ளி. நாலு வயது. கடையில் மிஞ்சுகிற அட்டைத் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், என்னைப் போலவே மூலையில் எண் போட்டு விளையாடுவாள். ஒரு நாள் குடும்பத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தாளில் நான், இரண்டாவதில் அவள், மூன்றாவது வெள்ளைத் தாள். அதற்கும் மூலையில் 3 என்று எண். டீச்சர் அதை என்னிடம் நீட்டிச் சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன். "அப்பாவை ஏன் வரையலன்னு கேட்டேன். 'அப்பா இருக்கார் டீச்சர், வேலைக்குப் போயிருக்கார்'ங்கிறா."

வேலைச் சீட்டு

எங்கள் கடைக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சீட்டில் பேரும் போன் நம்பரும் எழுதித் தர வேண்டும். வேலை முடிந்ததும் பாய் கூப்பிட்டுச் சொல்வார். மூன்று மாதம் ஆனதும் சீட்டுகளைக் கிழித்துவிடுவோம். ஒரு மதியம் ஒருவர் ஒரே ஒரு தாளோடு வந்தார். அவருடைய கம்பெனி கோப்புக்கு இரண்டு நகல் வேண்டுமாம். தாளைப் புரட்டுவதற்கு முன் கட்டைவிரலை உதட்டில் ஒற்றிக்கொண்டார். மோகன் அண்ணனும் அப்படித்தான் செய்வார். சீட்டில் பேரைப் பார்த்தேன். ரவி. அண்ணனோடு எனக்கு ஆறு வருஷமாகத் தொடர்பு இல்லை என்று அண்ணனுடைய வக்கீல் கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளாம் அது, பாயிடம் அவரே சொன்னார்.

எண் பார்ப்பது என் வேலை. நம்பரைப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? சீட்டில் அவர் எழுதியது எட்டில் தொடங்கியது. மோகன் கட்டில் ஆறு தாளின் தலைப்பிலும் இருந்த நம்பர் ஒன்பதில் தொடங்கும். ஆறு முறை எண் குத்தியவள் நான், தூக்கத்திலும் சொல்வேன்.

பாய் வழக்கம்போலக் கேட்டார், வேலை முடிந்தால் இந்த நம்பரில்தானே கூப்பிட வேண்டும் என்று. ரவி உட்கார இடம் தேடிக்கொண்டே பதில் சொன்னார். அவர் சாய்ந்துகொண்டது மோகன் கட்டு இருந்த அலமாரியில்தான். "இதே நம்பர்தான் பாய். அண்ணன் கம்பெனிய விட்டு வந்தப்ப கோவத்துல பழைய நம்பரைத் தூக்கிப் போட்டேன். புது நம்பர் என்னடான்னு அவரே யார்கிட்டயாவது கேப்பார்னு இருந்தேன், இன்னிக்கு வரைக்கும் கேக்கல."

பார்க்காதவள்

தம்பி பிளாக் பண்ணவில்லை. அண்ணன் கூப்பிடாமல் இல்லை, பழைய நம்பருக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டையும் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான், நான்தான் பேசக் கூடாதவள். ரயிலில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். சுற்றிலும் எல்லாரும் போனில் குனிந்திருந்தார்கள், காற்று முழுக்க யார் யாரோ யார் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதல் சொல்லே வரவில்லை. மூன்று நாள் கழித்துப் பவித்ராவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்படி அவள் செய்து நான் பார்த்ததில்லை. பொய் ஒன்றும் இல்லையே அக்கா, பேசவில்லை என்பது நிஜம்தானே, தாளில் நம்பரும் இருக்கிறது, டிக்கும் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ப்ளீஸ்லா அக்கா. இப்ப சொன்னா அவர் இந்த நிமிஷமே தம்பிக்கு போன் அடிப்பார். அடிச்சா தகுதி போச்சு, பதினோரு பேர் வேலை போச்சு. தீர்ப்பு வர்ற வரைக்கும் நீங்க ஒண்ணும் பார்க்கல, ஓகேவா?"

கோப்பி

தீர்ப்பு வர இரண்டு மாதம் ஆனது. இடையில் மோகன் அண்ணன் ஏதாவது ஒரு தாளைச் சாக்கு வைத்து வாரம் ஒரு முறை வருவார். ஒரு பக்கம் நகல் எடுக்க வேண்டும் என்பார், அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கோப்பி, மகளுக்குக் கையில் ஏதாவது ஒரு ரொட்டி. நான் பேசமாட்டேன் என்று தெரிந்தும் பேசுவார். நான் தலையை ஆட்டிக்கொண்டே பின் பிடுங்குவேன். என் கட்டைவிரல் நகம் இரண்டு முறை பிளந்தது அந்த மாதங்களில்தான்.

அவர் போனபிறகு பாய் அவருடைய வெறும் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இவருக்கு நகல் வேணாம்மா. யாராச்சும் கேக்கணும், அதான்."

ஜெயித்தவர்

ஜெயித்துவிட்டார். இரத்தம் ஒன்றானாலும் பேச்சும் கணக்கும் வேறு, ஆகவே ஏலத்தில் கலந்துகொள்ளத் தகுதி உண்டு என்று தீர்ப்பு. பவித்ரா கடை வாசலிலேயே குதித்தாள். பாய் எல்லாருக்கும் சமோசா வரவழைத்தார். நான் அன்றைக்குச் சொல்லிவிடுவதென்று நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஏன் சேலை என்று கேட்காதீர்கள், கொஞ்சம் தைரியம் வருமென்று நினைத்தேன்.

மோகன் அண்ணன் வந்ததும் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். அவர் ஒரு கடிதத்தை நீட்டினார், நகல் எடுக்க. அதிகாரிகளிடமிருந்து வந்தது. பவித்ரா மொழிபெயர்த்துச் சொன்னாள். ஏலத்துக்கு வருகிறவர்கள், அவர்களுடைய பங்குதாரர்கள், ஒருவரோடொருவர் ஏலம் முடிகிறவரை எந்த வகையிலும் பேசக் கூடாது. பேசினால் தகுதி ரத்து. நான் உட்கார்ந்துவிட்டேன். பார்க்கிறவர்களுக்குச் சேலை தடுக்கி உட்கார்ந்தது போல இருந்திருக்கும்.

அவர் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நின்றார். "ஆறு வருஷம் பேசாம இருந்தீங்களே, நல்ல காரியம்னு கோர்ட்டு சொல்லிருச்சு. இனிமே பேசுனா தப்புன்னு இந்தக் கடுதாசி சொல்லுது. நல்லா இருக்குல்ல தங்கச்சி?"

இன்று

ஏலம் நேற்றோடு முடிந்தது. மோகன் அண்ணனுக்கு அவர் கேட்ட சின்னத் துண்டு கிடைத்துவிட்டதாகப் பவித்ரா காலையில் மெசேஜ் போட்டாள். கூடவே, 'இனி நோ ரூல் அக்கா' என்று ஒரு வரி. சரி என்று நான் போட்ட பதிலுக்கு இரண்டாவது டிக் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய சீட்டுகளைப் போன மாதமே கிழித்துவிட்டோம். ரவி எழுதிய சீட்டு மட்டும் என் போன் உறைக்குள் இருக்கிறது. பாய்க்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை கூடையைக் கட்டும்போது அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார். "போன மாசம் கிழிச்சதுல ஒரு சீட்டு குறையுது. நான் எண்ணல."

ஒரு வாடிக்கையாளர் நம்பரை இன்னொருவருக்குக் கொடுப்பது தப்பு, எனக்குத் தெரியும். அதனால் சீட்டைக் கொடுக்கப் போவதில்லை. சொல்லத்தான் போகிறேன். 'அண்ணே, உங்க தம்பி பிளாக் பண்ணல, நம்பரை மாத்திட்டார், நீங்க கேப்பீங்கன்னு இன்னும் காத்துக்கிட்டிருக்கார்.' செம்பவாங்கிலிருந்து தேக்கா வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். மகளிடம்கூட ஒரு தடவை சொன்னேன், யார் அந்த அண்ணன் என்று கேட்டாள். ஆறு தாளும் ஆடி மாதத் தாள்கள். இது ஆனி கடைசி வாரம். வாழைப்பூ வாங்க இன்னும் நாள் இருக்கிறது.

மொத்தத்தில், காற்றையே துண்டு போட்டு ஏலம் விடத் தெரிந்த இந்த ஊரில், ஒரு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதற்கு என்னைப் போல் வாய் திறக்காத ஒருத்தி வாய் திறந்தாக வேண்டியிருக்கிறது என்றால், இருங்கள், பாய் கூப்பிடுகிறார், மோகன் அண்ணன் வந்துவிட்டாராம், கையில் கோப்பி வைத்திருக்கிறார், நான் போய் அவரிடம்